யுரேனஸ் நெப்டியூனுக்கு காந்தம் மட்டும் ஏன் இவ்ளோ கோணல்? சனிக்கு ஏன் கோணலே இல்ல?

யீஷூன்_அம்மா | வெள்ளி இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். வானியல் தெரிஞ்சவங்க இங்க நெறைய பேரு இருக்கீங்கன்னு நம்பி கேக்குறேன். என் மக செக் டூ (உயர்நிலை ரெண்டாம் வருஷம்) படிக்கிறா, நாலு பெரிய கிரகத்துக்கும் மாடல் செய்யணும், திங்கக்கிழமை கொண்டு போகணும், வழக்கம்போல வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாட்டு தட்டு முன்னாடி உக்காந்துதான் அம்மாகிட்ட சொல்றா. 5 செண்டிமீட்டர்ல ஸ்டைரோஃபோம் பந்து நாலு இருக்கு. கிரகம் சுத்துற அச்சுக்கு சாத்தே குச்சி (கறி சொருகி சுடுற நீள குச்சி), காந்த அச்சுக்கு பல்லுகுத்துற குச்சி, இதுதான் பிளான். வியாழன் ஈஸியா முடிஞ்சது, ரெண்டு குச்சிக்கும் நடுவுல 10 டிகிரி.

அதுக்கப்புறம்தான் சண்டை ஆரம்பிச்சது. அவ எழுதி வச்சிருக்க கணக்குப்படி யுரேனஸுக்கு 59 டிகிரி, நெப்டியூனுக்கு 47, சனிக்கு பூஜ்யம். சனிக்கு ரெண்டு குச்சியும் ஒரே ஓட்டையில போகணுமாம்! யுரேனஸ் நெப்டியூன் ரெண்டுக்கும் பல்லுகுத்துற குச்சி பந்தோட நடு வழியா போகவே கூடாதாம், தள்ளி போகணுமாம். அவங்க அப்பா பாத்துட்டு இது ஏதோ தப்பா காப்பி பண்ணிருக்கன்னு சொல்லிட்டாரு, அவ கதவ சாத்திக்கிட்டு உள்ள போய்ட்டா. யாரு சரி? சரின்னா ஏன் அப்டி? நான் படிச்சது அக்கவுண்ட்ஸ், எனக்கு தெரிஞ்ச காந்தம் ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டுறது மட்டும்தான்.

கோப்பி_ஓ_கோசோங் | வெள்ளி இரவு 10.58

அக்கா இதுல என்ன இருக்கு, யுரேனஸ் தான் மல்லாக்க படுத்துக்கிட்டே சுத்துதே, எப்பவோ பெரிய கல்லு ஒண்ணு மோதி சாச்சிடுச்சு. கிரகமே சாஞ்சா உள்ள இருக்க காந்தமும் சேந்து சாயும்தானே. மேட்டர் ஓவர். அண்ணன் பாவம், ஆனா பாப்பா தான் சரி.

பழைய_வாத்தியார் | வெள்ளி இரவு 11.35

உங்க மக எழுதினது நாலுமே சரிம்மா. அவர போய் கதவ தட்டி சாரி சொல்ல சொல்லுங்க.

கோப்பி தம்பி சொன்னது பாதி சரி, ஆனா தப்பான பாதிதான் இங்க முக்கியம். யுரேனஸ் கிட்டத்தட்ட 98 டிகிரி சாஞ்சிருக்கு, அது உண்மை. ஆனா அது சூரியன சுத்துற பாதையோட ஒப்பிட்டு சொல்றது. 59 டிகிரிங்கறது அந்த சாஞ்ச சாத்தே குச்சிக்கும் காந்தத்துக்கும் நடுவுல உள்ள கோணம். கிரகம் எப்டி படுத்தா என்ன, காந்தம் அது கூடவே படுத்திருந்தா இந்த கோணம் சின்னதா தான வரணும்? வரலையே.

1986 ஜனவரி 24 அன்னிக்கு வாயேஜர் 2 விண்கலம் யுரேனஸ தாண்டி போனப்ப எல்லாருக்கும் முதல்ல தோணினது தம்பிக்கு தோணினது மாதிரிதான், இது அடிபட்ட கிரகம், அதான் கோளாறுன்னு. இன்னொரு கட்சி, பூமிக்கு அப்பப்போ வடக்கு தெற்கு தலைகீழா மாறுமே அந்த மாதிரி யுரேனஸ் காந்தம் இப்ப புரண்டுக்கிட்டு இருக்கு, நாம சரியா அந்த நேரத்துல போய் பாத்துட்டோம்னு சொன்னாங்க. மூணரை வருஷம் கழிச்சு 1989 ஆகஸ்ட் 25, அதே வாயேஜர் நெப்டியூனுக்கு போச்சு. நெப்டியூன் ஒழுங்கா சுத்துற கிரகம், சாய்வு 28 டிகிரிதான், நம்ம பூமி 23.4, பெரிய வித்தியாசம் இல்ல. அங்க போய் பாத்தா காந்தம் 47 டிகிரி கோணல்! மோதல் கதையும் போச்சு, புரளுற கதையும் போச்சு. ரெண்டு கிரகமும் ஒரே சமயத்துல புரண்டுக்கிட்டு இருக்கும், அதயும் ஒரே விண்கலம் போய் பாக்கும்னா, அதுக்கு நாலு நம்பர் லாட்டரியில முதல் பரிசே அடிச்சிடலாம்.

அந்த குச்சி நடு வழியா போகாத விஷயம், அதுவும் சரி. யுரேனஸுக்கு ஆரத்துல சுமார் 0.3 பங்கு தள்ளி, நெப்டியூனுக்கு 0.55 பங்கு. உங்க பந்துக்கு ஆரம் 2.5 செண்டிமீட்டர், அப்ப யுரேனஸுக்கு முக்கால் செண்டிமீட்டர் சொச்சம், நெப்டியூனுக்கு 1.4. யுரேனஸ்ல அந்த விலகல் சாத்தே குச்சி வழியாவே ஒரு துருவம் பக்கமா இருக்கு, அதனால குச்சி வழிய மறிக்கும், கொஞ்சம் ஓரமா குத்துங்க, டீச்சர் ஸ்கேல் வச்சு அளக்க மாட்டாங்க.

ஆனா ஒண்ணு. பந்துக்குள்ள குச்சின்னு நெனைக்கிறதே ஒரு வசதிக்குதான், உள்ள பார் மேக்னெட் ஏதும் கிடையாது. வெளிய அளந்த காந்தப்புலத்த ஒரே ஒரு குச்சியால சொல்லுன்னா எந்த குச்சி நல்லா பொருந்துதோ அததான் இப்டி சாச்சி தள்ளி வைக்கிறாங்க. யுரேனஸ் நெப்டியூன்ல நிஜத்துல ரெண்டு துருவம் மட்டும் இருக்குற சுத்தமான புலம் இல்ல, நாலு துருவம் எட்டு துருவம்னு கலந்து கெடக்கு, அதனாலதான் யுரேனஸ் மேகத்துக்கு மேல ஒரு இடத்துல காந்தப்புலம் 0.1 காஸ் (காந்தத்த அளக்குற அலகு) இருந்தா இன்னொரு இடத்துல 1 காஸ தாண்டுது, பத்து மடங்கு. பூமியில துருவத்துக்கும் நடுக்கோட்டுக்கும் ஏறக்குறைய ரெண்டு மடங்குதான்.

தெக்கோங்_95 | சனி காலை 7.15

காலங்காத்தால இந்த த்ரெட்ட பாத்ததும் என்எஸ் (கட்டாய ராணுவ சேவை) ஞாபகம் வந்துடுச்சு. நேவெக்ஸ்ல, அதாவது வழி கண்டுபிடிக்குற பயிற்சியில, காம்பஸ கையில வச்சிக்கிட்டு புலாவ் தெக்கோங் காட்டுல சுத்தினது. மேப் வடக்குக்கும் காம்பஸ் வடக்குக்கும் வித்தியாசம் இருக்கும், கழிச்சிக்கணும்னு தியரில சொல்லுவாங்க, ஆனா நம்ம சிங்கப்பூர்ல அது ஒரு டிகிரி கூட தேறாது. அதனால காந்தம் கோணலா இருக்கும்ங்கற விஷயமே நமக்கு மண்டையில ஏறாம போச்சு. வாத்தியார் சார், பூமியோட காந்தமும் சாஞ்சிதான் இருக்குன்னா நம்ம காம்பஸ் எப்டி நேரா காட்டுச்சு? அப்றம் யுரேனஸ் மாதிரி இங்க 59 டிகிரி இருந்தா என்ன ஆகியிருக்கும்? இதுக்கு மேலயும் வழி தப்பியிருப்பேனா?

பழைய_வாத்தியார் | சனி காலை 9.05

நல்ல கேள்வி தம்பி. பூமி காந்தம் பத்து டிகிரிக்கு கொஞ்சம் கம்மியா சாஞ்சிருக்கு, ஆனா சாஞ்ச திசை நம்ம பக்கத்துக்கு நேர்கோட்டுல கிட்டத்தட்ட அமைஞ்சதால இங்க ஊசி நேரா நிக்குது, அவ்ளோதான், நம்ம யோகம். சாய்வு இருக்குன்னு பாக்கணும்னா ஊசிய பக்கவாட்டுல பாக்காம மேல கீழ ஆட விடணும். காந்த நடுக்கோடு சிங்கப்பூர் மேல போகல, நமக்கு வடக்க போகுது, இந்தியாவுல தென்கோடியில தும்பா பக்கமா போகுது. 1963ல முதல் ராக்கெட்ட தும்பால இருந்து விட்டதுக்கு அதுதான் காரணம். பூமியோட நடுக்கோட்டுக்கு வடக்க இருக்குற நாம, காந்தக் கணக்குல தெற்கத்தி ஆளுங்க.

59 டிகிரி இருந்தா காந்த வடதுருவம் 31 டிகிரி அட்சரேகையில வந்து உக்காரும். சும்மா கணக்குக்கு அத ஷாங்காய்ல வச்சுக்குவோம். உங்க மேப்ப தூக்கி போட்டுட வேண்டியதுதான், ஊசி ஷாங்காய காட்டும். அரோரா (துருவம் பக்கம் ராத்திரி வானத்துல தெரியுற வெளிச்சம்) வளையம் காந்தத் துருவத்துல இருந்து இருபது சொச்சம் டிகிரி தள்ளி வரும், அப்ப பிலிப்பைன்ஸ்காரங்க வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டே பச்சை வெளிச்சம் பாப்பாங்க. நமக்கு அப்பவும் இல்ல, சிங்கப்பூர் இன்னும் தள்ளி. எப்டியும் மேகமாதான் இருக்கும்.

இன்னொண்ணு, அந்த காம்பஸ வியாழனுக்கு எடுத்துட்டு போனீங்கன்னா வடக்கு முனை தெற்க காட்டும். வியாழன் சனி ரெண்டுக்கும் இப்ப நம்ம பூமிக்கு நேர் எதிர் துருவம்.

செம்பவாங்_தம்பி | சனி மதியம் 12.20

நான் யூனில பிசிக்ஸ் பண்றேன், ஏன் கோணல்ங்கற பகுதிக்கு யாரும் வரலையே அதனால நான் எழுதுறேன், தப்பிருந்தா வாத்தியார் சார் திருத்துங்க.

காந்தம் வரணும்னா உள்ள மின்சாரம் கடத்துற திரவம் ஒண்ணு வேணும், அது கொதிக்கிற மாதிரி மேலயும் கீழயும் புரளணும், கிரகமும் சுத்தணும், இத டைனமோன்னு சொல்லுவாங்க. பூமியில அந்த திரவம் உருகுன இரும்பு. வியாழன் சனி உள்ள அழுத்தம் பூமி காத்தழுத்தத்த விட பத்து லட்சம் மடங்குக்கு மேல போறதால ஹைட்ரஜனே உலோகம் மாதிரி ஆயிடுது, இத 1935லயே விக்னரும் ஹண்டிங்டனும் கணிச்சாங்க. ஆனா யுரேனஸ் நெப்டியூன் சின்னது, அங்க ஹைட்ரஜன் இருக்குற ஆழத்துல அழுத்தம் பத்தாது. அதுக்கு கீழ தண்ணி, அமோனியா, மீத்தேன் எல்லாம் கலந்த சூடான அடர்த்தியான ஒரு குழம்பு. ஐஸ் ஜயன்ட்னு பேரு மட்டும்தான், ஆயிரக்கணக்கான டிகிரி சூடு, நாம சாப்பிடுற ஐஸ் கச்சாங் எல்லாம் நெனச்சிடாதீங்க. அந்த தண்ணி அயனியா பிரிஞ்சு மின்சாரத்த கடத்தும், உலோகம் அளவுக்கு இல்ல, ஆனா போதும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். ரசம் வச்சீங்கன்னா மண்டி அடியில தங்கி மேல தெளிவு மட்டும் புரண்டுக்கிட்டு இருக்கும்ல, அதே மாதிரி அந்த கிரகத்துல ஆழத்துல உள்ளது அசையாம அடுக்கா தங்கிட்டு மேல ஒரு மெல்லிசான அடுக்கு மட்டும் புரளுதுன்னா என்ன ஆகும்னு சபீன் ஸ்டான்லியும் ஜெரமி பிளாக்ஸமும் 2004ல கம்ப்யூட்டர்ல போட்டு பாத்தாங்க. மெல்லிசான அடுக்குல வர்ற காந்தம் துருவத்துக்கு துருவம் நேரா அடங்கி நிக்கல, வாயேஜர் பாத்தது மாதிரியே கோணலா, பல துருவமா வந்துச்சு. பூமி வியாழன்ல புரளுற பகுதி தடிமனா இருக்கறதால சுத்துற வேகம் எல்லாத்தயும் அச்சோட ஒட்டி இழுத்து வரிசையா நிக்க வச்சிடும். மெல்லிசா இருந்தா அந்த பிடி விட்டுப்போகுது, நடுவுல உள்ள அசையாத திரவமும் காந்தத்த கட்டிப்போடாம விட்டுடுது.

சரி, ஆழத்துல ஏன் அசையாம கெடக்குதுன்னா அங்கதான் ரெண்டு மூணு கட்சி. ஒண்ணு, ஆழத்துல தண்ணி சூப்பர் அயனிக் ஐஸா மாறிடுது, ஆக்சிஜன் எல்லாம் கட்டம் போட்டு நிக்க ஹைட்ரஜன் மட்டும் நடுவுல ஓடும், 2018ல லேசரால அடிச்சு லேப்ல இத ஒரு கண நேரம் உண்டாக்கியே காட்டிட்டாங்க, கருப்பா இருக்குமாம். இன்னொண்ணு 2024ல பர்க்ஹார்ட் மிலிட்ஸர் சொன்னது. அந்த அழுத்தத்துல தண்ணியும் மீத்தேனும் ஒண்ணோட ஒண்ணு சேராம எண்ணெய் தண்ணி மாதிரி பிரிஞ்சிடுது, ஹைட்ரஜன் பிழிஞ்சு வெளிய போனதும் கார்பன் அதிகமுள்ளது கனமாகி கீழ அடுக்கா தங்கிடும், தண்ணி மேல நின்னு புரளும். எனக்கு ரெண்டாவதுதான் பிடிச்சிருக்கு, ஏன்னா ரெண்டு கிரகத்துலயும் ஒரே மாதிரி நடக்குறதுக்கு தனியா ஒரு மோதல் எல்லாம் தேவைப்படல.

கோப்பி_ஓ_கோசோங் | சனி மதியம் 1.10

சரி மோதல் கதைய வாபஸ் வாங்குறேன். ஆனா ஒண்ணு கேக்கணும். வாயேஜர் ஒரே ஒரு தடவ போய் சில மணி நேரம் பாத்தத வச்சுக்கிட்டு நாப்பது வருஷமா கதை கட்டுறாங்களே, ஒரு தடவ பாத்தா போதுமா? பொண்ணு பாக்க போனாலே ரெண்டு தடவ போவோம்.

பழைய_வாத்தியார் | சனி மதியம் 2.30

நியாயமான சந்தேகம், அதுல பாதிக்கு மேல உண்மையும் இருக்கு. வாயேஜர் போன அன்னிக்கு சூரியக்காத்து (சூரியன்ல இருந்து வீசுற துகள் ஓட்டம்) வழக்கத்த விட பலமா அடிச்சு யுரேனஸோட காந்த மண்டலத்த நசுக்கி வச்சிருந்துச்சுன்னு பழைய தரவ திரும்ப எடுத்து பாத்து 2024ல சொன்னாங்க. அந்த மாதிரி நெலம நூத்துல நாலு பங்கு நேரம்தான் இருக்குமாம். அதனால வெளிய சுத்தி இருக்க துகள் மண்டலத்த பத்தி நாம நெனச்சிருந்தது பலதும் அன்னிக்கு மட்டும் இருந்த நெலம. ஆனா கோணலுக்கு அது பொருந்தாது, கோணல் உள்ள இருந்து வர்றது, காத்து அடிச்சு 59 டிகிரி சாயாது.

அதுபோக ரெண்டாவது சாட்சியும் இருக்கு. அரோரா காந்தத் துருவத்த சுத்திதான் வரும். ஹபிள் டெலஸ்கோப் 2011ல யுரேனஸ்ல அரோராவ படம் பிடிச்சது. நெப்டியூன்ல வாயேஜருக்கு லேசா ஏதோ தென்பட்டதோட சரி, கடைசில ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப் 2023 ஜூன்ல எடுத்த படத்துல தெளிவா மாட்டிக்கிச்சு, 2025ல வெளியிட்டாங்க. அரோரா இருந்த இடம் துருவம் இல்ல, நடு அட்சரேகை, பூமியில தென் அமெரிக்கா இருக்குமே அந்த மாதிரி இடம். 1989ல சொன்னதுக்கு ஒத்துப்போகுது.

யீஷூன்_அம்மா | சனி மாலை 5.50

அவரு சாரி சொல்லியாச்சு, ஐஸ்கிரீமும் வாங்கி குடுத்தாச்சு. ரசம் உதாரணம் எனக்கே புரிஞ்சிடுச்சு செம்பவாங் தம்பி, தேங்க்ஸ்பா. இப்ப மகளோட கேள்வி என்னன்னா, எல்லாரும் கோணல பத்தியே பேசுறாங்களே, சனிக்கு பூஜ்யம்னா அதான நல்ல கிரகம், அத பத்தி எழுத ஒண்ணுமே இல்லயான்னு கேக்குறா.

தெக்கோங்_95 | சனி மாலை 6.05

சனி பகவான் நேர்மையான ஆளுன்னு எங்க பாட்டி அப்பவே சொல்லுவாங்க அக்கா. நாமதான் எள்ளு விளக்க ஏத்திட்டு பயந்துக்கிட்டே கெடக்கோம்.

பழைய_வாத்தியார் | சனி இரவு 8.45

உங்க மக கேட்டதுதான் இந்த த்ரெட்லயே பெரிய கேள்வி, இதுக்கு கொஞ்சம் நீட்டி எழுதுறேன், பொறுத்துக்குங்க. என்ன கேட்டா நாலு கிரகத்துல உண்மையான கோணல் சனிதான்.

1933லயே தாமஸ் கவ்லிங் ஒரு கணக்க நிரூபிச்சு வச்சாரு. அச்ச சுத்தி எந்த பக்கம் பாத்தாலும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்குற காந்தப்புலத்த ஒரு டைனமோவால தொடர்ந்து தாங்க முடியாது. கோணல் கொஞ்சமாவது இருந்தாகணும். பூமிக்கு இருக்கு, வியாழனுக்கு இருக்கு. சனிக்கு? 2017ல காசினி விண்கலம் கடைசி நாட்கள்ல வளையத்துக்கும் கிரகத்துக்கும் நடுவுல புகுந்து புகுந்து 22 சுத்து வந்துட்டு சனிக்குள்ளயே விழுந்துச்சே, அதுல அளந்தப்ப சாய்வு 0.01 டிகிரிக்கும் கீழ. கணக்குப்படி இருக்கவே கூடாதது.

இதுக்கு டேவிட் ஸ்டீவன்சன் 1980 வாக்குல ஒரு விளக்கம் சொன்னாரு. சனிக்குள்ள ஹீலியம் ஹைட்ரஜன்ல கரையாம பிரிஞ்சு துளித்துளியா மழை மாதிரி கீழ இறங்குது. அதனால டைனமோவுக்கு மேல புரளாத ஒரு அடுக்கு உண்டாகுது, அதுவும் மின்சாரம் கடத்தும், ஆனா உள்ள இருக்குற டைனமோ சுத்துற வேகத்துல அது சுத்தல. பம்பரத்துல சிவப்பு பெயிண்ட்டால புள்ளி வச்சு சுத்தி விடுங்க, புள்ளி தெரியுமா? வட்டமா கோடுதான் தெரியும். அந்த மாதிரி உள்ள டைனமோ கோணலாத்தான் இருக்கு, ஆனா நடுவுல சுத்துற அடுக்கு கோணல எல்லாம் அழிச்சிட்டு வட்டத்த மட்டும் வெளிய விடுது. அதாவது சனி நேரானவர் இல்ல, வாசல்ல திரைய போட்டு வச்சிருக்காரு. பெரும்பாலானவங்க இத ஏத்துக்கிட்டாலும் 0.01க்கும் கீழ கொண்டு வர்ற அளவுக்கு கம்ப்யூட்டர் மாடல் இன்னும் திணறுது.

இந்த நேர்மையால நமக்கு என்ன நஷ்டம் தெரியுமா, சனியில ஒரு நாள் எவ்ளோ நேரம்னே ரொம்ப காலம் சரியா தெரியாம போச்சு. இந்த கிரகங்கள்ல தரை கிடையாது, மேகம் ஒவ்வொரு அட்சரேகையில ஒவ்வொரு வேகத்துல ஓடும், அப்ப எத வச்சு நாள கணக்கு பண்றது? காந்தத்த வச்சுத்தான். காந்தம் கோணலா இருந்தா கிரகம் சுத்த சுத்த அது கலங்கரை விளக்கு மாதிரி நம்ம பக்கம் வந்து வந்து போகும், ரேடியோ அலையும் அதே தாளத்துல ஏறி இறங்கும். வியாழனோட ரேடியோ சத்தத்த 1955லயே பர்க்கும் ஃபிராங்க்ளினும் தற்செயலா புடிச்சாங்க, அந்த தாளத்துல இருந்துதான் வியாழனுக்கு 9 மணி 55 நிமிஷம் 30 செகண்டுன்னு தெரியும். யுரேனஸ் பயங்கர கோணல், அதனால ஹபிள் அரோராவ பத்து வருஷத்துக்கு மேல பின்தொடர்ந்து 17 மணி 14 நிமிஷம் 52 செகண்டுன்னு 2025ல சொல்லிட்டாங்க, வாயேஜர் சொன்னத விட 28 செகண்டு கூட.

சனியில தாளம் ஏதோ வந்துச்சு, வாயேஜர் 10 மணி 39 நிமிஷம்னு சொல்லுச்சு. இருபது சொச்சம் வருஷம் கழிச்சு காசினி போனா 10 மணி 45ன்னு வருது. அதுலயும் வடக்குப்பக்கம் ஒரு கணக்கு, தெற்குப்பக்கம் ஒரு கணக்கு. ஒரு கிரகம் அதுக்குள்ள ஆறு நிமிஷம் மந்தமாக முடியாது. கடைசில காந்தத்த கைவிட்டுட்டு, சனிக்குள்ள நடக்குற அதிர்வு வளையத்துல எழுப்புற அலைய எண்ணி 2019ல 10 மணி 33 நிமிஷம் 38 செகண்டுன்னு கண்டுபிடிச்சாங்க. கோணல் இல்லாததால வளையத்துகிட்ட போய் மணி கேக்க வேண்டியதா போச்சு.

செம்பவாங்_தம்பி | சனி இரவு 9.20

பம்பரம் உதாரணத்த நான் சுட்டுக்கிறேன் சார். அக்கா, வியாழனுக்கும் ஒரு வரி சேத்துக்குங்க, 10 டிகிரின்னு முடிச்சிடாதீங்க. 2016ல வியாழனுக்கு போன ஜூனோ விண்கலம் பாத்ததுல வடக்குப்பாதியில காந்தம் சிக்கலா கெடக்கு, தெற்குப்பாதியில ஒழுங்கா இருக்கு, அதுபோக நடுக்கோட்டுக்கு பக்கத்துல கிரேட் புளூ ஸ்பாட்னு காந்தம் குவிஞ்ச ஒரு இடம் வேற இருக்கு. நீலம்னா மேப்ல அடிச்ச கலர்தான், டெலஸ்கோப்ல பாத்தா ஒண்ணும் தெரியாது. பந்துல நீல மார்க்கர்ல ஒரு புள்ளி வச்சா போதும்.

யீஷூன்_அம்மா | ஞாயிறு இரவு 9.50

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வியாழன் நீலப்புள்ளியோட ரெடி, யுரேனஸ் நெப்டியூன் ரெண்டும் குச்சி தள்ளித்தள்ளி குத்தி பாக்கவே பாவமா இருக்கு, ஆனா ரெடி. வாத்தியார் ஐயா சொன்ன நாள் கணக்கு எல்லாத்தயும் அவளே ஒரு அட்டையில எழுதிட்டா. இப்ப பிரச்சன சனி. ஒரே ஓட்டையில ரெண்டு குச்சியும் அழுத்தினதுல பந்து ரெண்டா பொளந்துடுச்சு. ஞாயித்துக்கிழம இந்நேரத்துக்கு எந்த கடை தொறந்திருக்கும்?

தெக்கோங்_95 | ஞாயிறு இரவு 9.58

ரெண்டும் ஒரே கோடுதானே அக்கா, பந்த பசை போட்டு ஒட்டிட்டு சாத்தே குச்சி ஒண்ண மட்டும் சொருகுங்க. பொளந்த கோட்ட மறைக்க அட்டையில வளையம் வெட்டி மாட்டிடுங்க.